லூவ்ர் என்ற பெயரில் இரண்டு நிலையங்கள்: பாரிஸ் பள்ளிச் சுற்றுலாவில் ஒரு மாணவி 58 நிமிடங்கள் பிரிந்திருந்த நிகழ்வு

2025 மார்ச் மாதம் லண்டனின் புறநகர்ப் பள்ளி ஒன்றிலிருந்து பாரிசுக்கு மூன்று நாள் சுற்றுலா சென்ற குழுவில் நானும் ஓர் ஆசிரியர். இரண்டாம் நாள் பிற்பகல், 13 வயது மாணவி ஒருத்தி மெட்ரோவில் எங்களிடமிருந்து பிரிந்துபோனாள். 58 நிமிடங்கள் கழித்து, ஒரு கீறலும் இல்லாமல் கிடைத்தாள். காயம் இல்லை, களவு இல்லை, காவல்துறை வழக்கும் இல்லை. அதனாலேயே இதைப் பலர் மறந்துவிட விரும்பினார்கள். பிழையின் பெரும்பகுதி என்னுடையது என்பதால் மறக்க எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக் குழுக்களை அழைத்துச் செல்லும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். யாருடைய பெயரையும் தரவில்லை.

பின்னணி

குழுவில் 38 பேர், எல்லோரும் 12, 13 வயதினர். பெரியவர்கள் நால்வர்: பிரெஞ்சு கற்பிக்கும் ஆசிரியை, அவரே பயணத் தலைவர், உடற்பயிற்சி ஆசிரியர், வகுப்பறைத் துணை ஆசிரியை, வரலாறு கற்பிக்கும் நான். மாணவர்களை நான்கு சிறு குழுக்களாகப் பிரித்திருந்தோம். என் குழுவில் பத்துப் பேர், துணை ஆசிரியையின் குழுவில் ஒன்பது பேர்.

பயணத் தலைவர் இதற்கு முன் பல முறை மாணவர்களைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றவர். துணை ஆசிரியைக்கு இதுவே முதல் வெளிநாட்டுப் பயணப் பொறுப்பு. நான் பாரிசை ஓரளவு அறிந்தவன். ‘ஓரளவு’ என்ற அந்தச் சொல்லில்தான் வினை இருந்தது.

ஏற்பாடுகள்

காகித வேலையில் குறை இல்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் இரண்டு தேதிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது: நுழையும் நாளில் அது வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருக்கக் கூடாது; திரும்பும் நாளுக்குப் பின் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். பெரியவர்களுக்கு முதல் விதி, சிறுவர்களுக்கு இரண்டாவது விதி இடறும். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்தே ஆண்டுகளுக்குத்தான் தரப்படுகிறது. இரண்டு மாணவர்கள் அவசரமாகப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஒரு மாணவனிடம் இலங்கைப் பாஸ்போர்ட் இருந்தது. 2023 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்த பிரிட்டன்–பிரான்ஸ் ஏற்பாட்டின்படி, பள்ளிக் குழுவோடு செல்லும் இத்தகைய மாணவருக்குத் தனி விசா வேண்டாம். பள்ளி நிரப்பும் படிவம் போதும். அது தெரிந்தபோது அவன் தாயார் தொலைபேசியிலேயே அழுதுவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் வீட்டில் தங்கிவிடுவதே வழக்கம்.

ஆபத்து மதிப்பீட்டு அறிக்கையை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். பிக்பாக்கெட் திருடர்கள், கையெழுத்து வேட்டை என்று வந்து கவனத்தைக் கலைப்பவர்கள், மோன்மார்த்ர் குன்றின் படிக்கட்டில் மணிக்கட்டில் நூல் கட்டிவிட்டுக் காசு கேட்பவர்கள் என்று ஒன்றரைப் பக்கம். மெட்ரோவுக்கு இரண்டு வரி. “குழுவாக ஏறுதல், குழுவாக இறங்குதல். ஆசிரியர் எண்ணிக்கை எடுப்பார்.”

மாணவர்களுக்கு 12 பக்கக் கையேடு ஒன்றும், கழுத்தில் மாட்டும் அட்டை ஒன்றும் தந்தோம். கையேட்டின் நான்காம் பக்கத்தில், பிரிந்துவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், ஆசிரியர் திரும்பி வருவார் என்று தெளிவாக எழுதியிருந்தது. அட்டையில் பள்ளியின் பயணக் கைப்பேசி எண் அச்சிடப்பட்டிருந்தது. அந்த எண்ணைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள்

புதன்கிழமை காலை செயின்ட் பான்கிராஸ் நிலையத்தில் கூடினோம். பிரெஞ்சு எல்லைக் காவலர்கள் லண்டனிலேயே பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை குத்தினார்கள். பிறகு யூரோஸ்டாரில் ஏறி, சுமார் இரண்டே கால் மணி நேரத்தில் பாரிசின் கார் டு நோர் நிலையத்தில் இறங்கலாம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிக்கொண்டு இறங்கினோம்.

விடுதி அந்த நிலையத்துக்கு வடக்கே, அங்குள்ள நம்மவர்கள் லாச்சப்பல் என்று அழைக்கும் பகுதியில் இருந்தது. ஃபோபூர் சேன் தெனி தெருவில் வரிசையாகத் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்: புடவைக் கடை, நகைக் கடை, மளிகை, உணவகம். குழுவில் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர். லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போக மூக்கால் அழும் அவர்கள், அன்று மாலை பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்து மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டு வந்தார்கள். நிகழ்வுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஆனால் அந்த மாலை எல்லோரும் மிகவும் இளகிப்போயிருந்தோம். ஊர் நமக்குத் தெரிந்த ஊர் என்ற மயக்கம் எனக்கு அப்போதே தொற்றிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் காலை

வியாழன் காலை ஈபிள் கோபுரம். 1889 உலகக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்டது, இப்போது 330 மீட்டர் உயரம். லிஃப்டில் இரண்டாம் தளம் வரை போனோம். பாதுகாப்புச் சோதனையில் இரண்டு பேருடைய சிறு கத்தரிக்கோல்கள் சிக்கின. அதில் போன நேரத்தால் கீழே இறங்கும்போது திட்டத்தைவிட 25 நிமிடம் பிந்தியிருந்தோம். கோபுரத்தடியில் என் குழுவை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தேன்.

அடுத்தது லூவ்ர் அருங்காட்சியகம். எங்கள் குழுவுக்கான நுழைவு நேரம் பிற்பகல் 2.00 மணி. பீர்-ஹக்கேம் நிலையத்தில் 6ஆம் தடத்தில் ஏறி, அதன் கடைசி நிலையமான ஷார்ல் டி கோல்–எத்துவாலில் இறங்கி, 1ஆம் தடத்துக்கு மாற வேண்டும். பாரிஸ் மெட்ரோவில் ஒரே பயண அட்டையை ஒரே பயணத்தில் ஒருவருக்கு மேல் பயன்படுத்த முடியாது. எனவே 38 பேரும் தனித்தனி அட்டையைத் தட்டி ஒவ்வொருவராக வாயிலைக் கடந்தார்கள். அதற்கே எட்டு நிமிடம் பிடித்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றேன்.

அந்த நடைமேடையில்தான் என் குழுவின் பத்துப் பேரையும் அருகில் அழைத்து ஒரு புதிய விதியைச் சொன்னேன். “எத்துவாலில் கூட்டம் அதிகமாக இருக்கும். யாராவது ஏற முடியாமல் போனால் பதற வேண்டாம். அடுத்த ரயில் இரண்டு நிமிடத்தில் வரும். அதில் ஏறி லூவ்ர் நிலையத்தில் இறங்கி, நடைமேடையிலேயே நில்லுங்கள். நாங்கள் அங்கே இருப்போம்.”

கையேட்டின் நான்காம் பக்கத்துக்கு இது நேர் எதிரானது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மற்ற மூன்று பெரியவர்களிடமும் இதை நான் சொல்லவில்லை. இரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்ற ஒரே நினைப்பில், எனக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றியதைச் சொல்லிவிட்டேன்.

எத்துவால், பிற்பகல் 1.22

1ஆம் தடத்தில் ஓட்டுநர் கிடையாது. 2012 இறுதியிலிருந்து எல்லா ரயில்களும் தானியங்கி. நடைமேடை விளிம்பு நெடுகத் தடுப்புக் கதவுகள் உண்டு. ரயிலின் கதவும் தடுப்பின் கதவும் சேர்ந்தே திறந்து சேர்ந்தே மூடும். தண்டவாளத்தில் எவரும் விழாமல் காக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் “ஒரு பிள்ளை பாக்கி, கொஞ்சம் பொறுங்கள்” என்று கையசைத்துச் சொல்ல முன்னால் ஓர் ஆள் இல்லை. மணி ஒலித்தால் கதவு மூடும்.

நான் என் குழுவை முதல் ஆளாக நடத்திக்கொண்டு ஏறினேன். அந்த மாணவி என் குழுவில் கடைசியாக வந்தாள். அவள் ஏறப்போகும் நேரத்தில் குழந்தை வண்டியோடு ஒரு தாய் உள்ளிருந்து இறங்க முயன்றிருக்கிறார். ஒதுங்கி வழிவிட்டாள். வண்டி இறங்கியது, மணி ஒலித்தது, கதவு மூடியது.

பக்கத்துக் கதவில் ஏறியிருந்த துணை ஆசிரியை கண்ணாடி வழியே இதைப் பார்த்துவிட்டார். கையேடு சொன்னதைச் செய்ய ஒரு நொடியும் தயங்கவில்லை. அடுத்த நிலையமான ஐந்தாம் ஜார்ஜில் இறங்கினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்களும் கூடவே இறங்கினார்கள். பயணத் தலைவரை இரு முறை அழைத்தார். தலைவர் ஓடும் ரயிலில் பிள்ளைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். கைப்பேசி பைக்குள் இருந்தது. உடனே ஆசிரியர்களின் குழு அரட்டையில் ஒரு வரி எழுதிவிட்டு எதிர்த்திசை நடைமேடைக்கு ஓடினார்: “ஐந்தாம் ஜார்ஜில் இறங்கிவிட்டோம், எத்துவாலுக்குத் திரும்பிப் போகிறோம்.”

மாணவியோ நான் சொன்னபடி செய்தாள். இரண்டு நிமிடத்தில் வந்த அடுத்த ரயிலில் ஏறினாள். துணை ஆசிரியை எத்துவாலை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, அவள் எதிர்த்திசையில் அந்த ஐந்தாம் ஜார்ஜ் நிலையத்தையே கடந்து போயிருக்கிறாள்.

முப்பத்தைந்து

ஆறாவது நிறுத்தமான பலே ரொயால்–மூசே டு லூவ்ரில் 1.31க்கு இறங்கினோம். நடைமேடையில் தலைவர் எண்ணினார். 35.

ஒருத்தி தவறிப்போயிருந்தால் 37 வர வேண்டும். மூன்று குறைந்ததால் தலைவர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். “இறங்கிவிட்டோம்” என்று துணை ஆசிரியையின் செய்தி இருந்தது. மூன்று மாணவர்கள் அவரோடு இருக்கிறார்கள், ஏதோ ஒரு பை அல்லது அட்டை விட்டுப்போனதால் திரும்பியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தார். நானும் தலையாட்டினேன். அந்த மாணவியின் தோழிகூட, “அவள் மிஸ்ஸோடு வருகிறாள் சார்” என்றாள். பொய் சொல்லவில்லை, மிஸ் இறங்கியதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

எண்ணிக்கை சரியாக வந்ததுதான் எங்களை ஏமாற்றியது. 35-ம் 3-ம் 38. யார் அந்த மூவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெயர்ப் பட்டியலை எடுத்துக் கூப்பிட்டிருந்தால் மூன்று நிமிடம் போயிருக்கும். துணை ஆசிரியையை அழைத்துப் பேசியிருந்தால் ஒரு நிமிடம். மணி ஒன்றே முக்காலை நெருங்குகிறது என்று குழுவை மேலே நடத்திச் சென்றோம்.

நடைமேடையில் நிற்போம் என்று நான் கொடுத்த வாக்கையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனேன். அவள் சரியான நிலையத்தில் இறங்கியிருந்தாலும் அங்கே எவரும் இருந்திருக்க மாட்டோம். மறுஆய்வுக் கூட்டத்தில் யாரும் இதைச் சுட்டிக்காட்டவில்லை. நானேதான் சொன்னேன்.

தேடல்

துணை ஆசிரியை எத்துவாலில் 1ஆம் தட நடைமேடை, தாழ்வாரங்கள், 6ஆம், 2ஆம் தட நடைமேடைகள் எல்லாவற்றையும் இரண்டு சிறுவர்களைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றியிருக்கிறார். 1.51க்கு அவருடைய இரண்டாவது செய்தி வந்தது: “அவள் இங்கே எங்கும் இல்லை. உங்களிடம் வந்துவிட்டாளா?”

அப்போது நாங்கள் கரூசல் நிலத்தடி மண்டபத்தில், தலைகீழாகத் தொங்கும் கண்ணாடிப் பிரமிடின் அருகே வரிசை கட்டிக்கொண்டிருந்தோம். தலைவரின் முகம் மாறியது. ஆனால் அடுத்த ஒரு நிமிடத்தில் அவர் எடுத்த முடிவுகளில் பெரும்பாலும் குறை காண முடியாது. துணை ஆசிரியை எத்துவாலிலேயே நிற்க வேண்டும், இனி யாரும் நகரக் கூடாது. உடற்பயிற்சி ஆசிரியர் 35 பேரையும் அதே இடத்தில் தரையில் உட்காரவைக்க வேண்டும். அருங்காட்சியக நுழைவு போனால் போகட்டும். நான் மெட்ரோ நிலைய ஊழியரிடம் ஓட வேண்டும்.

கடைசி முடிவு மட்டும் தவறு. என் பிரெஞ்சு உணவகத்துக்குப் போதும், இதற்குப் போதாது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஊழியர் பொறுமையானவர்தான். இருந்தும் பொருள் தொலைந்ததா ஆள் தொலைந்ததா என்பதை நான் அவருக்குப் புரியவைக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. 1.59க்குத் தலைவர் தாமே வந்த பிறகுதான் பேச்சு நகர்ந்தது. 

ஊழியர் கேட்ட முதல் கேள்வி, என்ன உடை? அடர்நீலப் பள்ளிக் கோட்டு என்றோம். இரண்டாவது கேள்வி, படம் இருக்கிறதா? காலையில் கோபுரத்தடியில் எடுத்த படம் என் கைப்பேசியில் இருந்தது. அதில் அவள் பச்சைக் கம்பளித் தொப்பி அணிந்திருந்தாள். எங்கள் இருவருக்குமே அந்தத் தொப்பி நினைவில் இல்லை. அவர் தடத்தின் மற்ற நிலையங்களுக்குத் தகவல் கொடுத்தார்.

2.12க்குத் தொலைபேசி ஒலித்தது. பச்சைத் தொப்பி அணிந்த சிறுமி அடுத்த நிலையத்தில் இருக்கிறாள்: லூவ்ர்–ரிவோலி.

அவள் பக்கத்தில் நடந்தது

1ஆம் தடத்தில் ‘லூவ்ர்’ என்ற பெயர் தாங்கிய நிலையங்கள் இரண்டு, ஒன்றையடுத்து ஒன்றாக இருக்கின்றன. அருங்காட்சியகத்துக்கு இறங்க வேண்டியது முதலில் வரும் பலே ரொயால்–மூசே டு லூவ்ர். அதன் பெயர் ‘பலே’ என்று தொடங்குகிறது. அடுத்ததன் பெயர்தான் ‘லூவ்ர்’ என்றே தொடங்குகிறது. “லூவ்ர் நிலையத்தில் இறங்குங்கள்” என்று நான் சொல்லியிருந்தேன். ரயிலில் அறிவிப்பு ஒலித்தபோது ‘பலே’ என்று தொடங்கிய பெயரை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்து ‘லூவ்ர்’ என்று கேட்டதும் இறங்கினாள்.

சந்தேகம் வந்திருந்தாலும் அந்த நடைமேடை அதைத் தீர்த்துவைத்திருக்கும். லூவ்ர்–ரிவோலி நடைமேடையில் 1968 முதல் அருங்காட்சியகக் கலைப்பொருள்களின் நகல்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. மங்கிய வெளிச்சம், கண்ணாடிக்குப் பின்னால் சிலைகள். லூவ்ர் நிலையம் என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான் இருக்கும் என்று அந்தப் பெண் நம்பியதில் வியப்பு என்ன? சிலைகளுக்குப் பக்கத்தில் நின்றாள். நாங்கள் வருவோம் என்று 16 ரயில்களை எண்ணினாள்.

அவளுடைய கைப்பேசியில் ரோமிங் வசதி இல்லை. பிரிட்டனில் பல நிறுவனங்கள் ஐரோப்பாவில் பேசத் தனிக்கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டதால், எங்கள் மாணவர்களில் பலருடைய வீட்டில் அதை அணைத்தே அனுப்பியிருந்தார்கள். வாயிலைத் தாண்டி ஊழியரிடம் போகவும் அவள் அஞ்சினாள். வெளியே போனால் அதே பயணத்தில் மறுபடி உள்ளே வர முடியாது என்று காலையில் நாங்களே சொல்லியிருந்தோம். கையில் பணம் இருந்தது. விதியை மீறத்தான் மனம் இல்லை. நடைமேடையில் உதவி கோரும் அழைப்புப் பொத்தான் இருப்பதை அவளுக்கு எவரும் காட்டவில்லை. எனக்கே அதை அன்றுதான் ஊழியர் காட்டினார்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு, ரயிலுக்குக் காத்திருந்த நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவரிடம் கழுத்து அட்டையைக் காட்டியிருக்கிறாள். அவர் தம் கைப்பேசியில் அந்த எண்ணை அழுத்தினார். இணைப்புக் கிடைக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார். கிடைக்கவில்லை.

எண்ணை நாங்கள் பிரிட்டனுக்குள் பேசும் முறையிலேயே, 07 என்று தொடங்கி அச்சிட்டிருந்தோம். முன்னால் நாட்டுக் குறியீடு 44 இல்லை. பிரான்சிலும் கைப்பேசி எண்கள் 06 அல்லது 07 என்றுதான் தொடங்கும். எனவே அந்தப் பெண்மணிக்கு அது வெளிநாட்டு எண் என்ற எண்ணமே வரவில்லை. 38 பேர் இரண்டு நாளாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்த அட்டை அது. அந்த ஊரில் அதனால் ஒரு பயனும் இல்லை.

அவருக்கு நன்றி சொல்லக்கூட எங்களுக்கு வாய்க்கவில்லை. அவர்தான் 2.08க்கு அழைப்புப் பொத்தானை அழுத்தி, ஊழியர் வரும்வரை கூட நின்று, பிறகு தம் ரயிலில் ஏறிப் போய்விட்டார்.

ரிவோலி தெரு வழியாக ஓடி 2.20க்கு அந்த நிலையத்தை அடைந்தேன். அவள் அழவில்லை. “நான் தப்பான இடத்தில் நின்றுவிட்டேனா சார்?” என்று கேட்டாள். நான் சொன்ன இடத்தில்தான் நின்றாய், சொன்னது நான்தான் தப்பாகச் சொன்னேன் என்றேன்.

பெற்றோர்

இந்த நிகழ்வில் ஆறாத புண் ஒன்று உண்டென்றால் அது இங்கேதான். ரோமிங் வசதி இருந்த மாணவர்கள் சிலர், தரையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டார்கள். லண்டனில் பிற்பகல் ஒரு மணி. பெற்றோர் அரட்டைக் குழுவில் “பாரிசில் ஒரு பெண் காணாமல் போய்விட்டாள்” என்று பரவியது. அந்த மாணவியின் தாய் இன்னொரு தாய் சொல்லித் தெரிந்துகொண்டு 2.16க்குத் தலைவரை அழைத்தார். அப்போது அவள் இருக்குமிடம் தெரிந்துவிட்டது, நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

1.51க்கே ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டார். கண்டுபிடித்துவிட்டுச் சொல்லலாம், வீணாகக் கலங்க வைக்க வேண்டாம் என்று தலைவர் நினைத்திருந்தார். இந்த எண்ணத்தை நான் முழுதும் குறைசொல்ல மாட்டேன். அந்த இடத்தில் நானும் அப்படியே செய்திருப்பேன். ஆனால் பிள்ளைகள் கையில் கைப்பேசி இருக்கும் காலத்தில், பள்ளி சொல்லாவிட்டால் ஊர் சொல்லிவிடும். மகள் காணாமல் போனதைக்கூட மன்னித்துவிடலாம், அதைப் பிறர் வாயால் கேட்டதை மன்னிக்க முடியவில்லை என்று அந்தத் தாய் பிறகு பள்ளியில் கூறினார்.

அன்றைய மீதிப்பொழுதும் மறுநாளும்

அருங்காட்சியகத்துக்குப் போவதா, விடுதிக்குத் திரும்புவதா என்பதைத் தலைவர் அவளிடமே கேட்டார். போகலாம் என்றாள். தாயிடம் பேசவைத்த பிறகு, பிந்தியே உள்ளே சென்றோம். 77-க்கு 53 சென்டிமீட்டர் அளவுள்ள மோனாலிசாவைப் பார்த்து, இவ்வளவு சிறியதா என்று எல்லோரும் சொன்னதை எங்கள் பிள்ளைகளும் சொன்னார்கள். திரும்பும்போது மெட்ரோ வேண்டாம் என்று பஸ்ஸில் வந்தோம்.

அன்றிரவு நால்வரும் விடுதி வரவேற்பறையில் உட்கார்ந்தோம். நான் பீர்-ஹக்கேமில் சொன்னதை அப்போதுதான் மற்றவர்கள் முதன்முதலாகக் கேட்டார்கள். துணை ஆசிரியை அதுவரை தம்மால்தான் எல்லாம் கெட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். கையேட்டைப் பின்பற்றிய ஒரே ஆள் அவர்தான்.

38 அட்டைகளிலும் முதலில் இருந்த 0-ஐ அடித்துவிட்டு +44 என்று பேனாவால் எழுதினோம். வெள்ளியன்று காலை, பயணமே இல்லாமல் ஒரு நிலையத்துக்கு மாணவர்களை அழைத்துப் போய் அழைப்புப் பொத்தானைக் காட்டினோம். பிறகு, தீக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர் தாம் தேவாலயத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டு ஊர் திரும்பினோம்.

மறுஆய்வு

அடுத்த வாரம் தலைமையாசிரியர், வெளிப்பயண ஒருங்கிணைப்பாளர், நாங்கள் நால்வர், மாணவியின் பெற்றோர் கூடினோம். அதிகம் விவாதிக்கப்பட்டது எந்த விதி சரி என்பது: நின்ற இடத்திலேயே நிற்பதா, அடுத்த ரயிலில் ஏறுவதா?

ஒருங்கிணைப்பாளர் மூன்றாவது வழி ஒன்றைச் சொன்னார்: ரயிலில் போனவர்கள் அடுத்த நிலையத்திலேயே இறங்கிக் காத்திருக்க வேண்டும், விடுபட்டவர் அடுத்த ரயிலில் அங்கே வந்து சேர வேண்டும். லண்டன் சுரங்க ரயிலில் பல பள்ளிகள் இப்படிச் செய்கின்றன. நான் இதை ஏற்கவில்லை. பழகாத ஊரில், பதற்றத்தில் இருக்கும் பிள்ளை சரியான திசை ரயிலைப் பிடித்து ஒரே நிறுத்தத்தில் இறங்கும் என்று நம்புவதைவிட, அது அசையாமல் நிற்கும் என்று நம்புவது எளிது. நகர வேண்டியது பெரியவர். மாணவியின் தந்தைக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பிடம் காட்டும் கைப்பேசி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்றார். அதற்குப் பணம் கட்ட முடியாத வீடுகள் உண்டு என்று தலைமையாசிரியர் சொன்னார். அது அங்கேயே தொங்கலில் நிற்கிறது.

மாற்றியவை

நின்ற இடத்தில் நிற்பது என்ற ஒரே விதி. அதைப் பயணத்தின்போது மாற்றும் உரிமை தலைவருக்கு மட்டும். அவரும் நால்வரையும் கூட்டிவைத்துத்தான் மாற்றலாம். ‘நின்ற இடம்’ என்றால் நிலையம் அல்ல, அதே நடைமேடை. பெரிய சந்திப்புகளில் இந்த ஒரு சொல் வேறுபாடு அரை மணி நேரத்தைத் தின்றுவிடும்.

ஓட்டுநர் இல்லாத தடங்களில் சிறு குழுவின் ஆசிரியர் கடைசியாக ஏற வேண்டும். முன்னால் போகிற ஆசிரியருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. நான் அப்படித்தான் ஏறினேன். இதனால் முன்னால் ஏறும் பிள்ளைகள் சில நொடிகள் பெரியவர் இல்லாமல் நிற்பார்கள் என்ற ஆட்சேபம் வந்தது. ரயில் பெட்டிக்குள் நிற்பதை நடைமேடையில் தனித்து நிற்பதோடு ஒப்பிட முடியாது என்று விட்டுவிட்டோம்.

தலைகளை எண்ணுவதோடு, ஒவ்வொரு இறங்கலிலும் பெயர் கூப்பிட வேண்டும். ஆசிரியர்களுக்குள் அனுப்பும் செய்தியில் யார் யார் கூட இருக்கிறார்கள் என்று பெயரோடு எழுத வேண்டும். ‘நாங்கள்’ என்ற சொல் கூடாது. நிலையப் பெயரைச் சுருக்கக் கூடாது. பலகையில் உள்ளபடி முழுதாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு குழுவையும் அன்றைய உடையில் படம் எடுக்க வேண்டும். ஒரு மாணவர் பிரிந்தது உறுதியானால் பத்து நிமிடத்துக்குள், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பெற்றோருக்குத் தலைவர் தாமே சொல்ல வேண்டும். அந்த நாட்டு மொழி பேசுபவரே ஊழியரிடம் போக வேண்டும் என்பதையும் எழுதிவைத்தோம். எழுத வேண்டியிருந்ததே எனக்கு வெட்கம்.

புதிய கழுத்து அட்டைகளை அச்சிட்டதும் தலைவர் ஒன்றைப் படமெடுத்து, நாங்கள் தங்கிய பாரிஸ் விடுதிக்கு அனுப்பினார். அதில் உள்ள எண்ணை, உள்ளபடியே, அங்கிருக்கும் தொலைபேசியில் ஒருமுறை அழுத்திப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை, இடைவேளை நேரத்தில், ஆசிரியர் அறை மேசையில் கிடந்த பயணக் கைப்பேசி ஒலித்தது. துணை ஆசிரியை எடுத்துப் பேசினார்.